எம்.எஸ்.டபிள்யூ. படிக்கப் போகிறீர்களா? டெல்டா பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் மாதம், மேட்டூர் திறக்கிற சமயத்தில், எனக்கு ஃபோன் வரத் தொடங்கிவிடும். "அக்கா, பி.எஸ்சி. முடிச்சிட்டேன். எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம்னு இருக்கேன். வேலை கிடைக்குமா?" பேசுவது மன்னார்குடிப் பிள்ளையாக இருக்கும், அல்லது வேதாரண்யம், சீர்காழிப் பக்கம். எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். நான் திருச்சியில் படித்தவள், திருத்துறைப்பூண்டிப் பக்கம் வேலை பார்ப்பவள். அதனால் இது டெல்டாக் கண்ணோடு எழுதியது. கோவைக்காரர்களும் மதுரைக்காரர்களும் தங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில், இது என்ன படிப்பு?

எம்.எஸ்.டபிள்யூ. என்றால் சமூகப்பணியில் முதுநிலைப் பட்டம். வீட்டில் "சமூக சேவையா? அதுக்கு எதுக்குடி படிப்பு?" என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. சேவை நம் மண்ணுக்குப் புதிதல்ல. ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் கட்டிய முத்தம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. வந்தவருக்கெல்லாம் அங்கே சோறு போட்டார்கள். சமூகப்பணி தொடங்குவது அதற்கு அடுத்த இடத்தில். சத்திரத்துக்கு வந்தவர் நாளைக்கும் ஏன் வருகிறார், அவர் நிலம் என்ன ஆயிற்று, குடும்பத்தில் யார் மிச்சம், அவருக்கு உரிமையாக வரவேண்டியது எந்த அலுவலகத்தில் கிடக்கிறது என்று கேட்டு, அவரோடு சேர்ந்து அதைச் செய்து முடிக்கிற வேலை இது.

இந்தியாவில் இதற்கென முதல் பள்ளி 1936இல் பம்பாயில் தொடங்கியது. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் 1952இல் வந்தது. பாடத்தின் முதுகெலும்பு ஆறு முறைகள்: தனிநபர் பணி, குழுப் பணி, சமுதாய அமைப்பு, சமூக நல நிர்வாகம், சமூகப்பணி ஆராய்ச்சி, சமூகச் செயல்பாடு. முதல் செமஸ்டரிலேயே இவற்றை ஒப்பிக்க வைப்பார்கள். கவலைப்படாதீர்கள், தானாக மனப்பாடம் ஆகிவிடும்.

இதிலேயே இளநிலைப் பட்டமான பி.எஸ்.டபிள்யூ. மூன்று ஆண்டு, எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு ஆண்டு. பெரும்பாலான இடங்களில் எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு எந்த இளநிலைப் பட்டமும் போதும். என் வகுப்பில் தாவரவியல், பி.காம்., தமிழ் இலக்கியம் என்று கலந்துகட்டி இருந்தோம். தமிழ் இலக்கியம் படித்தவள்தான் வீடு வீடாகப் போய்ப் பேசுவதில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டாள்.

எங்கே சேர்வது?

திருச்சிதான் நமக்குப் பக்கத்து மையம். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணித் துறை, பிஷப் ஹீபர் கல்லூரி, பெண்களுக்குக் காவேரி மகளிர் கல்லூரி. திருவாரூர் நீலக்குடியில் 2009இல் தொடங்கிய தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திலும் எம்.எஸ்.டபிள்யூ. இருக்கிறது. அங்கே சேர சி.யு.இ.டி. என்கிற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தாளை எழுத வேண்டும். நம் பிள்ளைகள் பலர் இந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே மறந்துவிடுகிறார்கள். மற்ற கல்லூரிகளைப் போல ரிசல்ட் வந்தபிறகு விண்ணப்பம் வாங்கலாம் என்று இருந்தால் கதவு மூடியிருக்கும். இறுதியாண்டு படிக்கும்போதே, இதை நடத்துகிற தேசியத் தேர்வு முகமையின் அறிவிப்பைக் கவனியுங்கள். வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பு உண்டு. அதிலும் களப்பணி கட்டாயம்.

கல்லூரியின் பெயரை விட முக்கியம், சேருமுன் அங்கே படிக்கிற சீனியர் ஒருவரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள். வாரத்தில் எத்தனை நாள் களப்பணி? சூப்பர்வைசர் வாரம் ஒருமுறை தனியாக உட்கார வைத்துப் பேசுகிறாரா? ரிப்போர்ட்டைப் படித்துத் திருத்துகிறாரா, கையெழுத்து மட்டும் போடுகிறாரா? மூன்றாவது கேள்விக்குச் சீனியர் சிரித்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

சேருவதற்கு முந்தைய இரண்டு மாதம்

புத்தகம் வாங்க வேண்டாம். உங்கள் ஊர் கிராம சபைக்குப் போய் உட்காருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு உண்டு. யார் பேசுகிறார், யார் ஓரமாக நிற்கிறார், தீர்மான நோட்டில் யார் படிக்காமல் கைநாட்டு வைக்கிறார் என்று பாருங்கள்.

ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள். முன்பெல்லாம் மனுநீதி நாள் என்றுதான் சொல்வோம். கன்றை இழந்த பசு மணியடித்த கதை நடந்தது திருவாரூரில்தான், கல் தேர் கோயிலுக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. வாசலில் மனு எழுதித் தருகிறவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றாலே மாவட்டத்தின் பிரச்சினைகள் பாதி தெரிந்துவிடும். பட்டா, ஓ.ஏ.பி. என்கிற முதியோர் பணம், வாரிசுச் சான்று, சுடுகாட்டுப் பாதை.

உங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு முதியோர் பணம் வரவில்லையென்றால் அந்த ஒரு மனுவை ஆரம்பம் முதல் கடைசி வரை தொடர்ந்து பாருங்கள். இ-சேவை மையம், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார். ஆதாரில் வயது தப்பாக இருக்கும், அல்லது மகன் பேரில் நிலம் இருக்கும். எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடித்தால் சமூக நல நிர்வாகம் தாளின் முதல் யூனிட் உங்களுக்கு முடிந்தது.

களப்பணி: உண்மையான படிப்பு இங்கேதான்

பொதுவாக வாரத்தில் இரண்டு நாள் ஏதாவது ஓர் அமைப்புக்கோ ஊருக்கோ அனுப்புவார்கள். அதைத் தவிர முதலாண்டில் ஒரு கிராம முகாம், கோடையிலோ படிப்பின் கடைசியிலோ ஒரே அமைப்பில் தொடர்ந்து வேலை பார்க்கும் ஒரு மாத பிளாக் பிளேஸ்மென்ட்.

டெல்டாவில் களப்பணிக்குக் கடிகாரத்தை விட ஆற்றைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். குறுவை நடவு நேரத்தில் காலை பத்து மணிக்குக் கிராமத்துக்குப் போனால் தெருவில் ஆடுகளும் கிழவிகளும்தான் இருப்பார்கள். பெண்கள் விடிவதற்குள் கிளம்பி, வயலில் குனிந்து, மதியத்துக்கு மேல் திரும்புவார்கள். திரும்பியதும் நீங்கள் ஃபாரத்தோடு வாசலில் நின்றால் அவர்கள் முகத்தில் சிரிப்பு வராது. மூன்று மூன்றரைக்குப் போங்கள், சும்மா உட்காருங்கள், பேச்சு அவர்களிடமிருந்து தொடங்கட்டும். கடைசி டவுன் பஸ் எப்போது என்று மட்டும் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு முறை மினி பஸ்ஸைத் தவறவிட்டுப் பால் வண்டியில் வந்திருக்கிறேன்.

கடற்கரை ஊருக்குப் போட்டால் நேரே வீட்டுக்குள் நுழையாதீர்கள். நாகை, தரங்கம்பாடிப் பக்கத்து மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தார் இருக்கிறார்கள். முதலில் அவர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அவர்களோடு நின்றுவிடவும் கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணம் பெரும்பாலும் பஞ்சாயத்து வழியாகப் போனபோது, தனியாக இருந்த பெண்களும் கடலுக்குப் போகாத தலித் குடும்பங்களும் பட்டியலில் விடுபட்டார்கள். படகு போனவனுக்குப் படகு என்றால், படகே இல்லாமல் மீன் காயவைத்துப் பிழைத்தவளுக்கு என்ன? இந்தக் கேள்வியை எந்தப் பேரிடர் வேலையிலும் முதல் நாளே கேளுங்கள். கஜா புயலின்போதும் இதேதான். 2018 நவம்பரில் தென்னை விழுந்தவருக்குக் கணக்கு எடுத்தார்கள். அந்தத் தோப்பில் காய் வெட்டிக் கூலி வாங்கியவர் எந்தக் கணக்கிலும் இல்லை. குத்தகைக்குச் சாகுபடி செய்பவருக்கும் இதே கதி. வி.ஏ.ஓ.வின் சாகுபடிப் பதிவேடான அடங்கலில் பெயர் இருந்தால்தான் பயிர் அவருடையது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டெல்டாவில் உங்களிடம் கேட்கப்படும் இரண்டாவது கேள்வி, "எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?" என்பதுதான். கேட்பவர் சாதியைக் கேட்கிறார். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களின் 44 பேர் எரிந்து போனது கூலி கேட்ட சண்டையில் மட்டுமல்ல, தெரு பிரிந்து கிடந்த ஊரில். நீங்கள் முதல் நாள் எந்தத் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறீர்கள் என்பதை ஊர் முழுக்கப் பார்க்கிறது. எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் முதல் வாரம் மேலத் தெரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டான். கீழத் தெருவில் அவனிடம் ஒருவரும் மனதைத் திறந்து பேசவில்லை, அந்த செமஸ்டர் முழுக்க. பாடத்தில் இதை "உறவேற்படுத்தல்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

ரிப்போர்ட் எழுதுவது

பெரும்பாலோர் வெறுக்கிற வேலை இதுதான். நான் அதிகம் கற்றுக்கொண்டதும் இதில்தான். முதல் மாதம் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு இப்படி எழுதினேன்:

"குடும்பம் அக்கறையற்றது. குழந்தைகள் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. வீடு சுகாதாரமாக இல்லை. தாய்க்கு விழிப்புணர்வு தேவை."

சூப்பர்வைசர் மேடம் நான்கு வாக்கியத்தையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் "நீ என்ன பார்த்தாய்?" என்று மட்டும் எழுதியிருந்தார். நோட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு திரும்ப எழுதினேன்:

"வியாழன், காலை 11.20. வாசலில் ஒன்பது வயது இருக்கும் ஒரு பெண், தம்பியை இடுப்பில் வைத்திருந்தாள். தம்பிக்குக் காய்ச்சல், உடம்பு சுட்டது. அம்மா நடவுக்குப் போயிருக்கிறாள் என்றாள். அங்கன்வாடியில் காய்ச்சல் பிள்ளையை விடக் கூடாது என்று சொன்னார்களாம். அவள் யூனிஃபார்ம் போட்டிருந்தாள். பை திண்ணையில் இருந்தது."

யூனிஃபார்மும் பையும். இரண்டாவது ரிப்போர்ட்டை எழுதும்போதுதான் அவை எனக்கு நினைவுக்கே வந்தன. அவள் பள்ளிக்குக் கிளம்பி, திரும்பி உட்கார்ந்தவள். அம்மாவுக்குத் தேவை விழிப்புணர்வு அல்ல. நடவுக் கூலியை இழக்காமல் காய்ச்சல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். பிரச்சினை மாறியதும் செய்ய வேண்டியதும் மாறியது.

ஆகவே: நேரம் எழுதுங்கள். பார்த்ததையும் கேட்டதையும் தனியாக, நீங்கள் நினைத்ததைத் தனியாக எழுதுங்கள். அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே தமிழில் வையுங்கள். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை. "மனசு பாரமா இருக்கு" என்று ஒரு அம்மா சொன்னால், அதை "டிப்ரஷன்" என்று மாற்றும் உரிமை உங்களுக்கு இல்லை. அது மனநல மருத்துவர் சொல்ல வேண்டியது. அந்த அம்மாவுக்கு மகளை நினைத்துப் பாரமாக இருக்கலாம், வாரக் கடன்காரர் வருகிற செவ்வாய்க்கிழமையை நினைத்தும் இருக்கலாம்.

தனிநபர் பணியின் ஏழு கோட்பாடுகளை 1957இல் பீஸ்டெக் என்ற பாதிரியார் தொகுத்தார். ஏற்றுக்கொள்ளுதல், தீர்ப்புச் சொல்லாமை, தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை, ரகசியம் காத்தல் எல்லாம் அதில் வரும். தேர்வில் ஏழையும் எழுதுங்கள். அன்றாடத்தில் எனக்குக் கடினமாக இருப்பது தன் முடிவை அவரே எடுக்கவிடுவதுதான். அடிக்கிற கணவனிடம் அவள் திரும்பிப் போகிறேன் என்று சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு, "போனா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவீங்க? நம்பர் எழுதித் தரட்டுமா?" என்று கேட்கப் பழக எனக்கு மூன்று வருடம் ஆனது.

புளியங்கொட்டை வைத்து ஒரு கணக்கெடுப்பு

முகாமில் பங்கேற்புக் கிராம மதிப்பீடு, அதாவது ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஊரைக் கணக்கெடுப்பது, செய்யச் சொல்வார்கள். பி.ஆர்.ஏ. என்போம். சமூக வரைபடம், வள வரைபடம், ஊரைக் குறுக்கே நடந்து பார்க்கும் குறுக்கு நடை, பருவகால நாட்காட்டி. இவற்றில் நாட்காட்டியை விட்டுவிடாதீர்கள். களத்துமேட்டில் கோலமாவால் பன்னிரண்டு கட்டம் போட்டு, சித்திரை முதல் பங்குனி வரை பெயர் சொல்லி, ஆளுக்கு ஒரு கைப்பிடி புளியங்கொட்டை கொடுத்து, "எந்த மாசம் வேலை அதிகமோ அங்க நிறைய வைங்க" என்று சொல்லுங்கள். அடுத்து கடனுக்கு. அதற்கடுத்து நோய்க்கு.

நாங்கள் செய்த ஊரில் வேலைக்கு நடவிலும் தையிலும் கொட்டை குவிந்தது. கடனுக்கு ஆனியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும். ஐப்பசி எங்களுக்குப் புரிந்தது. மழை அடிக்கும், வயலில் வேலை கிடையாது, தீபாவளி வேறு. ஆனி ஏன் என்று கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்கள். "பள்ளிக்கூடம் தொறக்குதுல்ல!" அதே ஊரில் மே மாதம் ஃபாரம் நிரப்பிய ஒரு குழு "கடன் சராசரி" என்று ஒரு எண்ணைப் போட்டு முடித்திருந்தது. எந்த மாதம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும் என்பதை ஆராய்ச்சி முறைகள் வகுப்பில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு மனக்குறையையும் இங்கே இறக்கிவைக்கிறேன். என் பிளாக் பிளேஸ்மென்ட்டில் ஓர் அமைப்பு எங்களை இருநூறு வீட்டில் ஃபாரம் நிரப்ப வைத்து, பேனர் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டு, அத்தோடு அந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. ஒரு மாதம் கழித்து ஒரு பெரியவர் என்னை பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "எழுதிட்டுப் போனியே, என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். பதில் இல்லை. உங்களை வெறும் ஃபாரம் நிரப்பும் கூலியாக வைத்தால் இரண்டாவது வாரமே துறையில் சொல்லி இடம் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றுவார்கள்.

கையோடு தெரிந்திருக்க வேண்டிய சட்டங்கள்

வக்கீல் ஆக வேண்டாம். ஆனால் சிலவற்றை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் போக்சோ சட்டம், 2012. இதில் விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று குழந்தைக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்காதீர்கள். உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது. ஊரில் "பேசி முடிச்சிக்கலாம்" என்பார்கள். இதில் பேசி முடிக்க இடமே இல்லை.

இளைஞர் நீதிச் சட்டம் 2015, குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005, எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். கஜாவுக்குப் பிறகு பிள்ளைகளை ஆட்டுக்கிடைக்கு அடகு விட்ட செய்திகள் வந்தது இதே டெல்டாவில்தான். அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டிருக்கும்போது ஆடு மேய்க்கும் பையன் யார் பிள்ளை, எந்த ஊர் என்று ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மனநல உதவிக்கு 14416, முதியோருக்கு 14567. ஃபோனில் சேமித்து வையுங்கள்.

எந்தச் சிறப்புப் பாடம்?

இரண்டாம் ஆண்டில் பிரிப்பார்கள். எச்.ஆர். எடுப்பவர்கள் கம்பெனி வேலைக்குப் போவார்கள், சம்பளமும் சீக்கிரம் ஏறும். அதைக் கேவலமாகப் பேசுகிற ஆசிரியர்கள் உண்டு. குடும்பத்தில் கடன் இருந்தால் தயங்காமல் எடுங்கள்.

சமுதாய வளர்ச்சி எடுத்தால் மகளிர் திட்டம், தொண்டு நிறுவனம், பேரிடர் மீட்பு என்று போகலாம். நிலம் பற்றி யோசிக்கிறவர்களுக்கு நம் மண்ணிலேயே முன்னோடிகள் உண்டு. வெண்மணிக்குப் பிறகு இங்கேயே தங்கி, லாஃப்டி அமைப்பின் வழியாக நிலமற்ற தலித் பெண்கள் பேரில் நிலம் வாங்கிக் கொடுத்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி. 2008இல் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றார்கள். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள் இல்லைதான். ஆனாலும் சமுதாய அமைப்பு என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இவர்கள் செய்ததைத்தான் காட்டுவேன்.

மருத்துவ, மனநலப் பிரிவு எடுத்தால் பெரிய ஆஸ்பத்திரிகளில் சமூகப்பணியாளர், உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர், எச்.ஐ.வி. ஆலோசகர், மாவட்ட மனநலத் திட்டம் என்று வழி இருக்கிறது. மனநலத்தில் உள்ளே போக நினைத்தால் ஒரு விஷயம்: 2017 மனநலச் சட்டம் "மனநல சமூகப்பணியாளர்" என்ற பெயருக்கு எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் இரண்டாண்டு எம்.ஃபில். கேட்கிறது. எம்.ஃபில். விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டில் பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனத்தின் அறிவிப்பை நேரடியாகப் பாருங்கள். இதில் ஆர்வம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள திருச்சி பக்கத்துக் குணசீலம் கோயிலுக்கு ஒருமுறை போய் வாருங்கள். மனநோய் தீர வேண்டும் என்று குடும்பத்தோடு வந்து தங்குகிறவர்கள் அங்கே உண்டு. "கோயிலுக்குப் போகாதே, மாத்திரை சாப்பிடு" என்று சொல்லத் தோன்றினால் கொஞ்சம் பொறுங்கள். இரண்டும் ஒரே பையில் இருக்கிற குடும்பங்களோடுதான் நீங்கள் வேலை செய்யப் போகிறீர்கள்.

வேலை

வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பது போல நமக்குத் தனிச் சபை இல்லை. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் மருத்துவ, மனநல சமூகப்பணியாளர்களைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மற்றவர்களுக்குப் பட்டமும் அனுபவச் சான்றும்தான்.

அரசு சார்ந்த வேலைகளில் முதலில் கிடைப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஒருங்கிணைந்த சேவை மையம் போன்றவை. பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும், நாள் குறைவாகத்தான் கொடுப்பார்கள். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை நான்கின் தளத்தையும் வாரம் ஒருமுறை திறந்து பார்க்கப் பழகுங்கள். ஆசிரியர் ஆக விரும்பினால் யு.ஜி.சி. நெட் தேர்வில் சமூகப்பணி தனிப் பாடமாகவே இருக்கிறது. படிக்கும்போதே ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

நேர்காணலில் "ஏன் இந்தத் துறைக்கு வந்தீர்கள்?" என்று கேட்டால் "மக்களுக்குச் சேவை செய்ய" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வாரத்தில் அது அவர்கள் கேட்ட நாற்பதாவது சேவை. களப்பணியில் நீங்கள் முழுதாகப் பார்த்த ஒரே ஒரு கேஸை, பெயர் சொல்லாமல், முதலிலிருந்து சொல்லுங்கள். எங்கே சொதப்பினீர்கள் என்பதையும் சேர்த்து.

சம்பளம் முதலில் குறைவாக இருக்கும், சில மாதம் தாமதமாகவும் வரும். ஒப்பந்தம் முடிந்தால் ஆள் மாறுவார்கள். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கடைசியாக எப்போது பார்த்தது, எந்த மனு எந்த மேசையில் இருக்கிறது, அடுத்த தேதி என்ன, வீட்டில் எந்த நேரம் போனால் ஆள் இருப்பார், யார் முன்னால் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. போகும்போது அதை அடுத்து வருபவர் கையில், உயரதிகாரி முன்னிலையில் கொடுங்கள். முடிந்தால் இரண்டு நாள் சேர்ந்து போய், "இனிமே இவங்கதான் வருவாங்க" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வாருங்கள். நான் ஒரு வேலையில் அப்படிச் செய்யாமல் வந்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது ஒரு பெண் சொன்னாள்: "புதுசா ஒரு பொண்ணு வந்துச்சுக்கா. திரும்ப எல்லாத்தையும் மொதல்ல இருந்து சொல்லச் சொன்னிச்சு. நான் ஒன்னும் இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன்."